பெயர் தெரியாமல் இணையத்தில் உலாவ: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த விஷயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த வி.பி.என். நல்லது?" என்பதாகத்தான் இருக்கும். வி.பி.என். என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. அதற்குப் பதில் சொல்லுமுன் ஓர் எதிர்க்கேள்வி: யார் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்? ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டாரா, அலுவலக ஐ.டி. பிரிவா, இணைப்புத் தரும் நிறுவனமா, நீங்கள் போகும் இணையதளமா, அரசா?

வீட்டு வைஃபையில் ஒரு மருத்துவத் தளத்தைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரவுசர் ஹிஸ்டரி வீட்டாருக்குத் தெரியும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியும், எச்.டி.டி.பி.எஸ். (உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போவதைக் குறியாக்கும் முறை) இருப்பதால் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது தெரியாது. தளத்துக்கு உங்கள் ஐ.பி. முகவரியும் (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) நீங்கள் படித்த பக்கமும் தெரியும். அந்தப் பக்கத்தில் கூகுள் விளம்பர நிரல் இருந்து, அதே பிரவுசரில் உங்கள் ஜிமெயிலும் திறந்திருந்தால், இந்த வருகையை உங்கள் பெயரோடு சேர்க்க கூகுளுக்கு வழி இருக்கிறது. இன்காக்னிட்டோ மோடு இவற்றில் முதலாவதைச் சரிசெய்யும்; அதற்குள் ஜிமெயிலைத் திறக்காவிட்டால் கடைசியையும் ஓரளவு தடுக்கும். நடுவில் உள்ளவற்றைத் தொடாது.

"இவர் யார்" என்பதும் "என்ன செய்தார்" என்பதும் ஒரே ஆளின் கையில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே மொத்த வேலையும். கீழே வரும் ஒவ்வொரு கருவியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுங்கள்.

எதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள்

ஐ.பி. முகவரி எல்லோருக்கும் தெரிந்தது. ஜியோ, ஏர்டெல் மொபைல் இணைப்புகளில் ஒரே பொது ஐ.பி.யை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். எந்த நேரத்தில் எந்தப் போர்ட் (ஒரே ஐ.பி.யில் இணைப்புகளைப் பிரிக்கும் எண்) எந்தச் சந்தாதாரருக்குத் தரப்பட்டது என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும்.

அடுத்தது பிரவுசரின் கைரேகை. திரை அளவு, நேர மண்டலம், நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், கிராஃபிக்ஸ் கார்டு, மொழி அமைப்பு என்று பிரவுசர் கேட்காமலே சொல்லிவிடும் தகவல்கள் பல. தனித்தனியே பார்த்தால் அற்பம்தான். சேர்த்துப் பார்த்தால் ஆளைக் காட்டிவிடும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட பிரவுசர்களில் 83.6 சதவீதம் மற்ற எதோடும் ஒத்துப்போகாத தனிக் கைரேகையோடு இருந்தன. அதே அமைப்பின் 'கவர் யுவர் டிராக்ஸ்' பக்கத்தில் இன்று உங்கள் பிரவுசரைச் சோதித்துப் பார்க்கலாம். பிரவுசரின் மொழியைத் தமிழ் என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: அந்தத் தகவல் ஒவ்வொரு தளத்துக்கும் போகிறது. உலக அளவில் அது சிறிய கூட்டம்.

மூன்றாவது, லாகின். எத்தனை திரை போட்டுக்கொண்டாலும், உள்ளே போய் உங்கள் ஃபேஸ்புக் கணக்கைத் திறந்தால் நீங்களே பெயரைச் சொல்லிவிட்டீர்கள்.

வி.பி.என். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

வி.பி.என். போட்டால் நீங்கள் போகும் இடம் இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியாது, உங்கள் ஐ.பி. தளத்துக்குத் தெரியாது. ஆனால் வி.பி.என். நிறுவனத்துக்கு இரண்டுமே தெரியும். 'யார்', 'என்ன' இரண்டும் அங்கே ஒரே கையில் சேர்கின்றன. "லாக் (பயன்பாட்டுப் பதிவு) வைப்பதில்லை" என்பது அவர்கள் தரும் வாக்கு, அவ்வளவே. இலவச வி.பி.என். செயலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் வாடகையை எங்கிருந்தோ எடுத்தாக வேண்டுமே.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவுப்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐ.பி. போன்றவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதையொட்டி எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் போன்றவை இந்தியாவில் இருந்த சர்வர்களை விலக்கிக்கொண்டன. உங்கள் வி.பி.என். பட்டியலில் 'இந்தியா' என்று ஒரு சர்வர் தெரிந்தால், அது உண்மையில் எங்கே நிற்கிறது என்று அவர்களின் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் வி.பி.என்.னுக்கே தடை உத்தரவுகள் வந்ததுண்டு. பயணத்தில் இருப்பவர்கள் கவனிக்க.

தடையைத் தாண்ட வி.பி.என். நல்ல கருவி. இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது மக்கள் அதைத்தான் நாடினார்கள். தடை தாண்டுவது வேறு, அடையாளம் மறைப்பது வேறு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெயரும் மின்னஞ்சலும் கேட்காத நிறுவனமாகப் பாருங்கள். ஸ்வீடனின் முல்வாட் 16 இலக்கக் கணக்கு எண் ஒன்றை மட்டும் தரும். தபாலில் வரும் ரொக்கத்தையும் வாங்கிக்கொள்ளும். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் அவர்கள் அலுவலகத்தைச் சோதனையிட வந்து, எடுத்துப்போகப் பதிவு எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. சொந்த கிரெடிட் கார்டில் பணம் கட்டி, சொந்த ஜிமெயிலில் பதிவு செய்த வி.பி.என்.னை 'அநாமதேயம்' என்று நம்பாதீர்கள்.

டார்: இங்கிருந்து தொடங்குங்கள்

டார் பிரவுசர் இலவசம். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுவில் பிறந்த யோசனை. 2006 முதல் டார் ப்ராஜெக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறை போட்ட கடிதம் போல உங்கள் தரவு மூன்று கணுக்கள் (இடையில் நிற்கும் சர்வர்கள்) வழியாகப் போகும். முதல் கணுவுக்கு உங்கள் ஐ.பி. தெரியும், எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது. மூன்றாவது கணுவுக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. வி.பி.என்.னில் ஒரே கையில் சேர்ந்தது இங்கே பிரிந்துவிடுகிறது.

முதல் கணு மட்டும் மாதக்கணக்கில் மாறாமல் இருக்கும். பழுது என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அடிக்கடி மாற்றினால், உளவு பார்ப்பவர் நடத்தும் கணு என்றைக்காவது ஒருநாள் உங்கள் முதல் கணுவாக வந்து வாய்த்துவிடும்.

நிறுவும் முறை. டார் ப்ராஜெக்ட்டின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். விண்டோஸ் கோப்பு ஏறக்குறைய 100 எம்.பி. இருக்கும். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளைத் தொடவே வேண்டாம். போலிப் பதிப்புகள் அப்படித்தான் பரவுகின்றன. தளமே முடக்கப்பட்டிருந்தால் 'கெட்டார்' என்ற தானியங்கிச் சேவைக்கு உங்கள் இயங்குதளத்தின் பெயரை எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். மாற்று இறக்கச் சுட்டிகள் பதிலாக வரும்.

இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸில் ஜி.பி.ஜி.4வின் என்ற தொகுப்பை நிறுவினால் கிளியோபாட்ரா என்ற செயலி கூடவே வரும். டார் பதிவிறக்கப் பொத்தானுக்குக் கீழே உள்ள 'சிக்னேச்சர்' (கையொப்ப) கோப்பையும் இறக்கி, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கிளியோபாட்ராவில் டார் பிரவுசர் டெவலப்பர்களின் சாவியைத் தேடிச் சேருங்கள். அதன் கைரேகை (சாவியை அடையாளம் காட்டும் நீண்ட குறியீடு) 93298290 என்று முடியும். ஆனால் கடைசி எட்டு இலக்கம் ஒத்துப்போனால் போதாது, அந்த அளவுக்குப் போலி செய்ய முடியும். டார் தளத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும் முழுக் கைரேகையோடு ஒப்பிடுங்கள். பிறகு 'வெரிஃபை' கொடுங்கள். சாவிக்குச் சான்று இல்லை என்று மஞ்சள் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம்; அந்தச் சாவியை நீங்கள் இன்னும் உறுதிசெய்து ஒப்பமிடவில்லை என்றுதான் அதற்குப் பொருள். கையொப்பமே தவறு என்று வந்தால் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் இறக்குங்கள்.

திறந்ததும் 'கனெக்ட்' அழுத்துங்கள். பாதியிலேயே நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கணினியின் கடிகாரம். தேதியோ நேர மண்டலமோ தவறாக இருந்தால் டார் இணையாது. சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி) தீர்ந்த பழைய கணினிகளில் இது வாடிக்கை. கடிகாரம் சரி என்றால் ஆன்டிவைரஸ், ஃபயர்வால். அதுவும் இல்லையென்றால் உங்கள் நெட்வொர்க் டாரைத் தடுக்கிறது. அப்போது 'செட்டிங்ஸ்', 'கனெக்‌ஷன்' பகுதிக்குப் போய் ஒரு பிரிட்ஜை (பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவுக் கணு) தேர்ந்தெடுக்க வேண்டும். ஓ.பி.எஃப்.எஸ்.4 உங்கள் போக்குவரத்தை அர்த்தமில்லாத இரைச்சலாகக் காட்டும். ஸ்னோஃபிளேக் அதை வீடியோ அழைப்பு மாதிரிக் காட்டும். வெப்டனல் சாதாரண இணையதளப் போக்குவரத்தாகக் காட்டும். முதலில் ஸ்னோஃபிளேக்கை முயன்று பாருங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

இணைந்ததும் டாரின் சோதனைப் பக்கத்தைத் திறந்து, டார் வழியாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை எவை, ஏன்

நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) எதையும் சேர்க்காதீர்கள், விளம்பரத் தடுப்பானைக்கூட. டார் பிரவுசர் தன் பயனர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவதால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. நேர மண்டலத்தை யு.டி.சி. என்றே தளங்களுக்குச் சொல்லும். சன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் ஓரத்தில் வெற்றுப் பட்டை தோன்றுமே, அது பக்கத்தின் அளவைச் சில குறிப்பிட்ட அளவுகளுக்குள் நிறுத்திவைக்கும் ஏற்பாடு. நீங்கள் ஒரு நீட்சியைச் சேர்த்த கணமே அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிவீர்கள்.

டார் வழியாக டோரன்ட் இறக்காதீர்கள். டோரன்ட் மென்பொருள்கள் உங்கள் உண்மையான ஐ.பி.யைத் தாமே வெளியே சொல்லிவிடுவதுண்டு.

டாரில் இறக்கிய பி.டி.எஃப்., வேர்ட் கோப்புகளை இணையம் இணைந்திருக்கும்போது வெளியே எடுத்துத் திறக்காதீர்கள். கோப்புக்குள் இருக்கும் ஒரு படம் தொலைவிலிருந்து ஏறினால் போதும், அந்தக் கோரிக்கை டாரைத் தொடாமல் உங்கள் சொந்த ஐ.பி.யில் போய்விடும். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள்; சந்தேகத்துக்குரிய கோப்பு என்றால் டேஞ்சர்ஸோன் செயலியில் போட்டு வெறும் படப் பக்கங்களாக மாற்றிப் படியுங்கள்.

எச்.டி.டி.பி.எஸ். இல்லாத தளத்தில் கடவுச்சொல் இடாதீர்கள். மூன்றாவது கணுவை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். குறியாக்கம் இல்லாதவை அங்கே அப்பட்டமாகத் தெரியும். 2007இல் ஸ்வீடன் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இப்படிக் கணுக்களை நடத்தி, பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் பிடித்து வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. டார் பாதுகாக்கிறது என்று நம்பிக் குறியாக்கம் இல்லாத அஞ்சலைத் திறந்ததால் வந்த வினை. டாருக்குள் மட்டும் திறக்கும் 'டாட் ஆனியன்' முகவரிகளில் இந்தத் தொல்லை இல்லை; அங்கே டாரிலிருந்து வெளியேறும் கடைசிக் கணுவே கிடையாது. பிபிசி போன்ற தளங்களுக்கு அப்படி ஒரு முகவரி உண்டு. 56 எழுத்து நீளம் என்பதால் கையால் தட்டச்சு செய்ய முயலாதீர்கள்.

கேடய வடிவப் பொத்தானில் பாதுகாப்பு நிலைகள் மூன்று. செய்தி படிக்க 'ஸ்டாண்டர்டு' போதும். அறிமுகமில்லாத தளங்களுக்கு 'சேஃபர்'. ஆபத்தான வேலை என்றால் 'சேஃபஸ்ட்'. ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் நின்றுவிடும், பாதித் தளங்கள் வேலை செய்யாது, அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வேலையிலிருந்து வேறொன்றுக்கு மாறும்போது 'நியூ ஐடென்டிட்டி' பொத்தானை அழுத்துங்கள். தாவல்கள் மூடி, குக்கிகள் அழிந்து, புதுப் பாதையில் தொடங்கும். தளம் திறக்க மறுத்தாலோ கேப்ட்சா தொல்லை தந்தாலோ அந்தத் தளத்துக்கு மட்டும் புதுப் பாதை கேட்டால் போதும்.

டார் பயன்படுத்துகிறீர்கள் என்பது மட்டும் மறையாது. உங்கள் நெட்வொர்க்கை நடத்துபவருக்கு அது தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டார் வழியாகவும் ஒரு தற்காலிக மின்னஞ்சல் சேவை வழியாகவும் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அனுப்பிய மாணவர் அன்றே பிடிபட்டார். டாரை யாரும் உடைக்கவில்லை. பல்கலைக்கழக வைஃபையில் அந்நேரம் யார் யார் டாரைத் தொட்டார்கள் என்று பார்த்தார்கள், விசாரித்தார்கள், ஒப்புக்கொண்டுவிட்டார். அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்ல நினைப்பவர் அலுவலக வைஃபையிலேயே டாரைத் திறந்தால் அதே கதைதான். பிரிட்ஜ் இதை ஓரளவு மறைக்கும். வேறு நெட்வொர்க்குக்குப் போவது இன்னும் நல்லது.

கைபேசியில் ஆண்ட்ராய்டுக்கு டார் பிரவுசர் இருக்கிறது. பிளே ஸ்டோரில் இறக்கினால் அந்தப் பதிவு உங்கள் கூகுள் கணக்கில் இருக்கும்; வேண்டாமென்றால் ஏ.பி.கே. கோப்பை டார் தளத்திலிருந்து எடுங்கள். ஐபோனில் ஆனியன் பிரவுசர். ஆனால் சிம்மோடும், கூகுள் கணக்கோடும், இருப்பிடச் சேவையோடும் கட்டப்பட்ட கைபேசியில் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கவனமாகச் செய்ய வேண்டிய வேலைக்குக் கணினிதான்.

கணக்கும் தொலைபேசி எண்ணும்

புனைபெயரில் கணக்குத் தொடங்கும்போது பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். முதல் முறை திறப்பதே டார் வழியாக இருக்க வேண்டும். ஒரே ஒருமுறை வீட்டு ஐ.பி.யில் உள்ளே போனாலும் அது பதிவில் உட்கார்ந்துவிடும். பின்னால் எத்தனை முறை டாரில் வந்தாலும் பயனில்லை. மீட்பு மின்னஞ்சலாகச் சொந்த முகவரியைக் கொடுக்காதீர்கள். 2021இல் சுவிஸ் சட்ட ஆணை வந்தபோது, பிரெஞ்சுச் சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி.யைப் பதிவு செய்து தர வேண்டிய நிலை குறியாக்க மின்னஞ்சல் சேவையான புரோட்டான் மெயிலுக்கு ஏற்பட்டது. கடிதங்கள் குறியாக்கத்தில் பத்திரமாக இருந்தன. டார் வழியாக வந்திருந்தால் ஐ.பி.யும் கிடைத்திருக்காது.

பழைய புனைபெயரை மறுபடி எடுக்காதீர்கள். சில்க் ரோடு என்ற கறுப்புச் சந்தையை நடத்தியவர், அதற்கு விளம்பரம் செய்த அதே புனைபெயரில் 2011இல் வேறொரு பதிவிட்டு, தன் உண்மைப் பெயர் கொண்ட ஜிமெயில் முகவரியையும் அதில் கொடுத்திருந்தார். விசாரணை அவர் பக்கம் திரும்ப அது போதுமானதாக இருந்தது.

தொலைபேசி எண் தனித் தலைவலி. டார் வழியாகக் கணக்குத் தொடங்கினால் பல சேவைகள் ஓ.டி.பி. கேட்கும். இந்தியாவில் கே.ஒய்.சி. இல்லாமல் சிம் இல்லை. அடுத்தவர் பெயரில் வாங்கலாமே என்ற யோசனை வேண்டாம்: 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். எண் கேட்காத சேவையைத் தேடுவதுதான் வழி.

சிக்னல் என்ற செய்திச் செயலி தொலைபேசி எண் கேட்கும். ஆனால் 2024 முதல் பயனர் பெயர் வைத்துக்கொள்ளலாம். 'பிரைவசி' அமைப்பில் 'ஃபோன் நம்பர்' பகுதியைத் திறந்து, எண்ணை யார் பார்க்கலாம், எண்ணை வைத்து யார் தேடலாம் இரண்டையும் 'நோபடி' என்று மாற்றுங்கள். எதிரில் பேசுபவருக்கு எண் தெரியாது. சிக்னல் நிறுவனத்துக்குத் தெரியும். 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த தேதி இரண்டை மட்டும்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறெதையும் அவர்கள் வைத்திருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அடையாளம் மறைக்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

கோப்புகள் பேசும்

2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனர் ஜான் மெக்காஃபியோடு பயணம் செய்த இதழ் ஒன்று அவர் படத்தை இணையத்தில் போட்டது. ஐபோனில் எடுத்த படம், ஜி.பி.எஸ். குறிப்பு உள்ளேயே இருந்தது. குவாத்தமாலாவில் அவர் எங்கே இருக்கிறார் என்பது உலகத்துக்கே தெரிந்துபோனது.

விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'பிராபர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்' போனால் கீழே 'ரிமூவ் பிராபர்ட்டீஸ்' இருக்கும். அதில் இந்தத் தகவல்களை நீக்கிய பிரதி எடுக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்கிராம்பிள்டு எக்ஸிஃப் என்ற செயலி போதும். வாட்ஸ்அப்பில் 'ஃபோட்டோ' என்று அனுப்பினால் இந்தத் தகவல்கள் கழன்றுவிடும். தெளிவு குறையக் கூடாதென்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது.

பெயர்களை மறைக்க மங்கலாக்காதீர்கள். கெட்டியான கறுப்புக் கட்டம் போடுங்கள். பி.டி.எஃப்.பில் கறுப்புக் கட்டம் போட்டாலும் அடியில் எழுத்து இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் இதே தவறு நடந்தது. கட்டம் போட்ட பின் பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்திலிருந்து புது பி.டி.எஃப். செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அனுப்புவதிலும் எச்சரிக்கை தேவை: கூகுள் பிக்சல் கைபேசிகளிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும், வெட்டிய பகுதியை மீட்டெடுக்க இடம் தரும் பிழை 2023இல் வெளிவந்தது. இப்போது திருத்திவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்பு வெட்டி அனுப்பிய படங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

காகிதமும் சாட்சி சொல்லும். வண்ண லேசர் பிரின்டர்கள் பல, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தம் வரிசை எண்ணையும் அச்சிட்ட நேரத்தையும் பதிக்கின்றன. 2017இல் அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்த ஊழியர் ரியாலிட்டி வின்னர் கசியவிட்ட ஆவணத்தில் அந்தப் புள்ளிகள் இருந்தன. அவரைக் காட்டிக்கொடுத்தது இன்னும் எளிமையான விஷயம்: அந்த ஆவணத்தை அச்சிட்டவர்கள் ஆறே பேர் என்று அலுவலகப் பதிவு சொன்னது, அந்த ஆறு பேரில் அலுவலகக் கணினியிலிருந்து செய்தி நிறுவனத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

டெயில்ஸ்: கணினியில் தடம் பதியாமல்

டெயில்ஸ் என்பது பென் டிரைவிலிருந்து இயங்கும் முழு இயங்குதளம். எல்லாப் போக்குவரத்தும் டார் வழியாகத்தான் போகும், அணைத்தால் எதுவும் மிஞ்சாது. கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது.

1. குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவ் எடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழியும். நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் '64 ஜி.பி.' டிரைவ்கள் வேண்டாம். கொள்ளளவு போலியாக இருந்தால் எழுதும்போது பாதியில் நின்றுவிடும். கணினியில் 4 ஜி.பி. ரேம் இருந்தால் நிம்மதி.

2. டெயில்ஸ் தளத்திலிருந்து யு.எஸ்.பி. இமேஜை (டிரைவில் எழுத வேண்டிய முழுக் கோப்பு) இறக்குங்கள். அதே பக்கத்தில் சரிபார்க்கும் பொத்தான் உண்டு. கோப்பைக் காட்டினால் அசலா என்று சொல்லிவிடும்.

3. விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருளால் இமேஜை டிரைவில் எழுதுங்கள். கோப்பை இழுத்துப் போட்டால் பூட் ஆகாது. வேறு டிரைவ்கள் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். தவறான டிரைவை அழிப்பது அடிக்கடி நடப்பது.

4. கணினியை அணைத்து, பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே ஆன் செய்யுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். விசை வேலை செய்யவில்லையென்றால் விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து 'யூஸ் எ டிவைஸ்' தேர்ந்தெடுங்கள். திரை கறுப்பாகவே நின்றால் தொடக்கப் பட்டியலில் 'டிரபிள்ஷூட்டிங் மோடு' முயலுங்கள். எம்1, எம்2 வகை மேக்குகளில் டெயில்ஸ் ஓடாது.

5. வரவேற்புத் திரையில் விசைப்பலகையை அமைத்து உள்ளே போங்கள். டார் இணைப்புத் திரையில் தானாக இணைப்பதா, டார் பயன்படுத்துவதையே மறைப்பதா என்று கேட்கும்.

வைஃபை சில்லு டெயில்ஸோடு ஒத்துவராமல் போவது பழைய மடிக்கணினிகளில் சகஜம், சிறிய யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்று அதைத் தீர்க்கும். ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களில் முதலில் ஒரு லாகின் பக்கம் வருமே, அதற்கென்றே 'அன்சேஃப் பிரவுசர்' உள்ளே இருக்கிறது. அந்த லாகின் முடிந்ததும் மூடிவிடுங்கள், வேறெதற்கும் அதைத் தொடாதீர்கள். ஆனால் அந்த லாகின் உங்கள் கைபேசி எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டால் அந்த வைஃபை உங்களுக்கு உதவாது.

அதேபோல், இப்படி வெளியே போகும்போது கைபேசியை வீட்டிலேயே விட்டுப் போங்கள். டவர் பதிவு உங்கள் இருப்பிடத்தைச் சொல்லும். அங்கே குடிக்கும் டீக்கு ஜிபேயில் பணம் கட்டினால் இடமும் நேரமும் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். சில்லறை எடுத்துப்போங்கள்.

கோப்புகளை வைத்திருக்க வேண்டுமென்றால் 'பெர்சிஸ்டென்ட் ஸ்டோரேஜ்' (அதே டிரைவில் குறியாக்கத்தோடு நிலைத்திருக்கும் சேமிப்பிடம்) உருவாக்குங்கள். கடவுச்சொல்லாக ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து முதல் ஏழு சொற்கள். மறந்தால் மீட்க வழியே கிடையாது. படங்கள், ஆவணங்களின் மெட்டாடேட்டாவை (உள்ளே பதிந்திருக்கும் தகவல்களை) நீக்க 'மெட்டாடேட்டா கிளீனர்' டெயில்ஸிலேயே உண்டு.

பத்திரிகைக்கு ஆவணம் அனுப்புவதுதான் நோக்கம் என்றால், கார்டியன், வாஷிங்டன் போஸ்ட் போன்றவை செக்யூர்டிராப் (பெயர் சொல்லாமல் ஆவணம் தரும் இணைய அஞ்சல்பெட்டி) வைத்திருக்கின்றன. டெயில்ஸில், 'சேஃபஸ்ட்' நிலையில் அதன் ஆனியன் முகவரியைத் திறந்தால் ஏழு சொற்கள் கொண்ட ரகசியப் பெயர் ஒன்று தரும். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க அதுவே சாவி. கைபேசியில் படமெடுத்து வைக்காதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு

கூகுள் இன்புட் டூல்ஸ் போன்ற இணைய ஒலிபெயர்ப்புப் பக்கங்களில் தட்டச்சு செய்தால் நீங்கள் அடிப்பது அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் தமிழாகத் திரும்புகிறது. டாரில் எழுதவிருக்கும் கட்டுரையைச் சாதாரணக் குரோமில் இப்படித் தட்டச்சு செய்து ஒட்டினால் மேலே சொன்ன பாடெல்லாம் வீண். கணினியிலேயே இருக்கும் விசைப்பலகையைப் பயன்படுத்துங்கள்: விண்டோஸில் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், டெயில்ஸில் 'கீபோர்டு' அமைப்பில் தமிழ்நெட் 99 அல்லது இன்ஸ்கிரிப்ட். குரல்வழித் தட்டச்சு வேண்டவே வேண்டாம்.

எழுத்து நடையும் ஆளைக் காட்டும். 'கதைக்கிறது' என்று எழுதினால் யாழ்ப்பாணம், 'ஏனுங்க' என்றால் கொங்கு, 'அவுக' என்றால் தெற்கு என்று தமிழ் படிப்பவர் யாருக்கும் உடனே தெரியும். அதைவிட நுட்பமானவை: ஒற்று மிகும் இடத்தில் போடுகிறீர்களா, 'ஸ' எழுதுகிறீர்களா 'ச' எழுதுகிறீர்களா, நிறுத்தற்குறிக்கு முன் இடைவெளி விடும் பழக்கம் உண்டா, மூன்று புள்ளி வைக்கும் வழக்கம் உண்டா. உங்கள் சொந்தப் பெயரில் வலைப்பதிவோ ஃபேஸ்புக் பதிவுகளோ நிறைய இருந்தால், புனைபெயரில் எழுதுவதை அவற்றோடு ஒப்பிடுவது பெரிய வேலையில்லை. குட்டையான வாக்கியங்களாக, பொதுத் தமிழில், செய்தித்தாள் நடையில் எழுதுங்கள். அடைமொழி, உவமை, நகைச்சுவை வேண்டாம். வாசிக்கச் சப்பென்றிருந்தால் நல்லதே.

பதிவிடும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். எப்போதும் இரவு 10 முதல் 12 வரை, ஞாயிறில் மட்டும் பகலில் என்று ஒரு கணக்கு இயங்கினால், நேர மண்டலத்தோடு வேலை நேரமும் சேர்ந்து வெளிப்படும். எழுதியதை உடனே போடாமல் ஓரிரு நாள் வைத்திருந்து வேறு நேரத்தில் போடுங்கள். உங்கள் தெருவில் மின்சாரம் போனது, ஊர்த் திருவிழா, அன்றைய மழை இவற்றையெல்லாம் புனைபெயர்க் கணக்கில் எழுதாதீர்கள். ஒவ்வொரு புனைபெயருக்கும் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். அந்த வேலை முடிந்ததும் அந்தப் பெயரையும், மின்னஞ்சலையும், டெயில்ஸ் டிரைவையும் சேர்த்தே கைவிட்டு, அடுத்ததற்கு முதலிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.